வெருளிக்குப் போட்ட நீலச் சட்டை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் 'வாய்மை' என்ற தலைப்பில் பேசி மூன்றாம் பரிசாக வாங்கிய கொப்பி இது. இதில் பொய் எழுதினால் பரிசுக்கு மரியாதையாக இருக்காது. போட்டியில் பேசியவர்கள் மொத்தம் மூன்று பேர். உண்மை எழுதுவதாகச் சொல்லிவிட்டதால் அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் சாம்பவி. பாடசாலை திறந்ததும் தரம் எட்டு. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னால் போன வருடம்வரை புல்தரை இருந்தது. பனி கரைந்த பிறகு பார்த்தால் மண்ணுக்குள் இருந்த வெள்ளைப் புழுக்கள் வேரையெல்லாம் தின்று முடித்திருந்தன. அந்தப் புழுக்களைத் தின்ன வந்த ரக்கூன்கள் மிச்சப் புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்துவிட்டுப் போயின. "வாற கிழமை செய்வம்" என்று அப்பா கோடை முழுவதும் சொன்னார். நேற்று ஒரே நாளில் செய்து முடித்தார். காலையில் மண் மூட்டைகள் வந்தன. பின்னேரம் விதை தூவியாகிவிட்டது. அப்பா தொடங்கிய ஒரு வேலை அன்றைக்கே முடிந்ததை நான் இதற்குமுன் கண்டதில்லை.

இன்று காலை அவர் அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டார். அங்கே எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலையாம். பயங்கரக் குளிராம். குளிர் ஜக்கெற்றை அலுமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவசரத்தில் மறந்திருப்பார்.

போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஹோஸைக் கையில் தந்தார். காலையும் பின்னேரமும் தூறல் போலத் தண்ணீர் விட வேண்டும். மண் காயவும் கூடாது, குளமாகவும் கூடாது. ஒருவரும் அதில் கால் வைக்கக் கூடாது.

"நீங்கள் எப்ப வருவியள்?" என்று கேட்டேன்.

"புல்லு முளைக்கிற நேரம் வந்து நிப்பன், பிள்ளை."

அம்மா வழியனுப்ப வெளியே வரவில்லை. ஏற்கெனவே கழுவிய சட்டியைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

இரவு அம்மா வழக்கம்போல வீடெங்கும் நடந்து, மின்சாரக் காசு கட்டுவது யார் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு லைற்றாக அணைத்தார். வாசலுக்கு வெளியே இருக்கும் லைற்றை மட்டும் விட்டுவிட்டார். அப்பா பிந்தி வரும் நாட்களில் அது எரியும். அல்பேர்ட்டாவிலிருந்து இவ்வளவு கெதியில் யாரும் வர முடியாது என்று சொல்ல நினைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தண்ணீர் விட்டேன். மண் மண்ணாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

தண்ணீர் விடுவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் விட்டுப் பார்க்க வேண்டும். ஹோஸை உயர்த்தினால் காற்று தண்ணீரை என் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. தாழ்த்தினால் விதைகள் மிதந்து ஒரு மூலையில் கூட்டம் கூடுகின்றன. பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா திரு. சில்வானோ வேலியருகில் கைகட்டி நின்று பார்க்கிறார். அவருடைய புல்தரை எண்ணெய் வைத்து வாரிவிட்ட தலைபோல இருக்கும். எங்களுடையதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் செத்த வீட்டுக்கு வந்த முகபாவம் தெரிகிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா போன் எடுத்தார். புல் முளைத்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். கவலையில் விட்ட பெருமூச்சு என்றுதான் நினைக்கிறேன். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாக இருட்டிப்போய்விட்டது, படுக்கப் போகிறேன் என்றார்.

அல்பேர்ட்டா எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. இங்கே அப்போதுதான் இருட்டியது. கணக்குப்படி அங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்க வேண்டும். மலைகள் சூரியனை மறைத்திருக்கும். அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அப்பா சொன்ன ஊரில் மலை இல்லை. அந்த அட்லஸ் பழையது.

ஆகஸ்ட் 30, சனி

குலம் மாமா வந்துவிட்டார். அவர் அம்மாவின் மூத்த அண்ணன். ஊரில், ஏழாலைக் கிராமத்தில், புகையிலையும் மிளகாயும் பயிர் செய்பவர். விசிற்றர் விசாவில் வந்து மொன்றியலில் மகன் வீட்டில் இருந்தார். எங்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். கொண்டுவந்த இரண்டு பெரிய பெட்டிகளில் ஒன்றைத் தூக்கவே முடியவில்லை. சும்மா வருகிறவர்கள் இவ்வளவு பாரம் கொண்டு வருவதை நான் கண்டதில்லை.

என்னைக் கண்டதும் மாமா தலையைத் தடவினார். வளர்ந்துவிட்டாய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "என்ர பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பரீட்சையில் தோற்றவர்களிடம் பேசும் குரல் அது. நான் எதிலும் தோற்கவில்லை.

பின்னேரம் நான் தண்ணீர் விடும்போது வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன பயிர் போட்டிருக்கிறியள்?"

"புல்லு, மாமா."

"அது தெரியுது. புல்லுக்குள்ள என்ன போட்டிருக்கிறியள்?"

புல் மட்டும்தான் என்று விளக்கினேன். முளைத்த பிறகு என்ன செய்வது என்று கேட்டார். வெட்டுவது என்றேன். வெட்டி மாட்டுக்குப் போடுவதா என்று கேட்டார். இல்லை, எறிவது என்றேன். மாமா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"நான் பிறந்த நாள் தொடக்கம் புல்லோட சண்டை பிடிக்கிறன். நீங்கள் அதைக் காசு குடுத்து வாங்கி, தண்ணியும் பருக்கி வளர்க்கிறியள். கொப்பர்தான் சொன்னவரோ இதைச் செய்யச் சொல்லி?"

ஓம், அப்பாதான் என்றேன். "அப்ப சரி" என்றார் மாமா. அது சரி என்று சொல்லும் குரலாக இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் மாமா மண்வெட்டியோடு நிற்கிறார். மிளகாய்த் தோட்டத்தில் செய்வதுபோலப் பாத்தி பிடித்து, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓடவிடப் போகிறாராம். தூறல் விடுவது கோழிக்குஞ்சு குளிப்பதுபோல இருக்கிறதாம். விதைப் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டித் தடுத்தேன். எழுத்தில் இருப்பதற்கு மாமா மரியாதை தருவார். மண்வெட்டியை வைத்துவிட்டார்.

ஆனால் குருவிகளுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டமாக வந்து விதையைப் பொறுக்குகின்றன. மாமா அதற்கு வெருளி கட்டினார். தோட்டத்தில் பறவைகளை மிரட்ட நிறுத்தும் ஆள் பொம்மை. இரண்டு தடியைக் குறுக்காகக் கட்டி, தலைக்கு யோகட் வாளியைக் கவிழ்த்து, அதில் கறுப்பு மார்க்கரால் கண்ணும் மீசையும் கீறினார். போட ஒரு பழைய சட்டை தா என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா உள்ளே போய் அப்பாவின் நீலச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அது பழைய சட்டை இல்லை. கலியாண வீடுகளுக்கு அப்பா போடும் சட்டை. அம்மா அதை எப்போதும் தானே ஸ்திரி போடுவார், என்னைத் தொட விடமாட்டார்.

"அம்மா, இது அப்பா வந்து போடுற சட்டை."

"நல்ல துணி. மழைக்கும் தாங்கும்" என்றார் அம்மா.

வெருளி இப்போது முற்றத்தின் நடுவில் கைகளை விரித்தபடி நிற்கிறது. அப்பாவைவிடக் கொஞ்சம் மெலிவு. மற்றப்படி நல்ல பொறுப்பான ஆள். காலையிலிருந்து வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை.

செப்டெம்பர் 2, செவ்வாய்

பாடசாலை தொடங்கியது. கோடை விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். மண்ணை நனைத்தேன் என்று எழுதினேன். விரிவாக எழுதும்படி திருப்பித் தந்தார்கள்.

செப்டெம்பர் 4, வியாழன்

இன்று மழை பெய்ததால் தண்ணீர் விடும் வேலைக்கு விடுமுறை. நல்ல இடி முழக்கம். அந்த நேரம் பார்த்து அப்பா எடுத்தார். நான் யன்னலருகில் நின்று, விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பெரிய மின்னல் ஒன்று வெட்டியது. தெரு முழுவதும் வெள்ளையாகி, வெருளியின் மீசைகூடத் தெரிந்தது.

அதே கணத்தில் போனுக்குள் அப்பா, "அம்மாடி, என்ன மின்னல். போனை வை பிள்ளை, ஆபத்து" என்றார்.

போனை வைத்துவிட்டேன். எங்களுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் இடையில் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீற்றர் தூரம். அவ்வளவு நீளமான மின்னலை இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. இது உலக சாதனையாக இருக்கலாம். யாரிடம் அறிவிப்பது என்று தெரியவில்லை.

அம்மா கதிரையில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு காலுறையை நெடுநேரம் மடித்தார். நான் புத்தகம் வாசிக்கிறேன் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன்.

வெளி லைற் எரிகிறது.

செப்டெம்பர் 7, ஞாயிறு

முளைத்துவிட்டது!

தரையோடு முகத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பச்சை நூல்கள். குழந்தைக்கு மொட்டை அடித்த பிறகு வரும் மயிர் போல. குடைக்கம்பி போல நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி தண்ணீர்.

உடனே அப்பாவுக்கு எடுத்தேன். இரண்டாம் முறைதான் எடுத்தார். பின்னால் ரேடியோவில் தமிழ் விளம்பரம் போனது, ஏதோ நகைக்கடை. அல்பேர்ட்டாவில் தமிழ்ச் சனம் பெருகிவிட்டது என்று தெரிகிறது.

முளைத்துவிட்டது என்றேன். கெட்டிக்காரி என்றார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். பின்னால் ரேடியோவின் சத்தம் குறைந்தது. இங்கே வேலை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, முளைத்தால் மட்டும் போதாது, அது வளர்ந்து முதல் வெட்டு வெட்டும்போதுதான் புல்தரை, அந்த முதல் வெட்டைத் தானே வந்து வெட்டுவதாகச் சொன்னார். புல் வெட்டும் மெஷினை வேறு யாரும் தொட வேண்டாமாம்.

விதைப் பெட்டியை எடுத்து வாசித்தேன். முதல் வெட்டுக்குப் புல் ஒரு விரல் நீளம் வளர வேண்டும். யாருடைய விரல் என்று எழுதவில்லை. என்னுடையது சிறிய விரல் என்பது நல்லதாகப் போயிற்று.

செப்டெம்பர் 13, சனி

திரு. சில்வானோ என்னைக் கூப்பிட்டார். உன்னுடைய அப்பா நல்ல உழைப்பாளி, நாள் முழுவதும் முற்றத்திலேயே நிற்கிறார், ஆனால் நான் எத்தனையோ முறை கைகாட்டியும் பதிலுக்குக் கைகாட்டவில்லை, என்ன கோபம் என்று கேட்டார். அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கூச்ச சுபாவம் என்றேன்.

மாமா புல்லைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் விடும்போது பக்கத்தில் நின்று கைகளைப் பிசைகிறார். பெட்டியின் மேல் இருக்கும் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். படத்தில் புல் கம்பளம் போல இருக்கிறது. எங்களுடையது இன்னும் நூல்தான். ஆனால் நூல் என் விரலில் பாதி வளர்ந்துவிட்டது.

செப்டெம்பர் 16, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பாடசாலையால் வந்தேன். மாமா வாசலில் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அவருக்குப் பின்னால் முற்றம் வெறும் கறுப்பு மண். கூட்டிப் பெருக்கியதுபோல ஒரு பச்சைப் பொட்டுக்கூட இல்லை. கார் நிற்கும் இடத்தில் புல் குவியல் குவியலாகக் கிடந்தது. ஒவ்வொரு குவியலுக்கும் மேலே நனைத்த சாக்கு.

"இண்டைக்குத்தான் ஒரு ஒழுங்கான வேலை செய்தனான்" என்றார் மாமா. "புல்லுக்குள்ள புல்லு முளைச்சிட்டுது பிள்ளை. உந்தப் படத்தில இருக்கிற நல்ல புல்லு வாறதுக்கு முதல் களை வந்து மூடிப்போட்டுது. காலமை தொடக்கம் குந்தியிருந்து பிடுங்கினனான். ஒண்டுகூட விடேல்லை."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது முழுவதும் நினைவில்லை. கடைசியாகக் கத்தியது நினைவிருக்கிறது. "இனி அப்பா வரமாட்டார். நீங்கள்தான் காரணம். நீங்கள்தான்."

மாமாவின் சிரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் தன்னுடைய கைகளைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் பச்சை.

அம்மா அப்போதுதான் வேலையால் வந்து பஸ் இறங்கி நடந்து வந்தார். முதியோர் இல்லத்துச் சீருடை, தோளில் பை. முற்றத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாமாவோட கத்தாதை, சாம்பவி. மாமா பிடுங்கினது புல்லை மட்டும்தான்."

பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா அல்பேர்ட்டாவுக்குப் போகேல்லை" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"எப்ப தொடக்கம்?"

"மின்னின அண்டைக்கு."

அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கினார். தெருவில் இரண்டு கார் போனது. "மார்க்கத்தில இருக்கிறார்" என்றார். "அங்க இன்னொரு வீடு. பிள்ளைக்கு நான் சொல்லுறன் எண்டு அவரிட்டச் சொன்னனான். பிறகு நீ அந்த ஹோஸைத் தூக்கிக்கொண்டு காலமையும் பின்னேரமும் நிண்ட நிலையைப் பாத்து வாய் வரேல்லை."

மார்க்கம் பக்கத்து நகரம். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். நூலகத்துக்குப் போகும் அதே பஸ்.

இந்தக் கொப்பியில் நான் எழுதிய எதுவும் பொய்யில்லை. மின்னலும் இரவும் ரேடியோவும் நடந்தபடியேதான் இருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்து வாசிக்காமல் இருந்தது மட்டும் நான். மூன்றாம் பரிசு கொடுத்தவர்கள் ஆளறிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டெம்பர் 17, புதன்

விடியும்போது முற்றத்தில் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். மாமா குந்தியிருந்து, நேற்றுப் பிடுங்கிய புல்லைத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தார். புகையிலைக் கன்று நடுவதுபோல. கயிறு கட்டி, நிரை பிடித்து, ஒரு விரலால் குழி குத்தி, ஒரு கொத்துப் புல்லை வைத்து, மண்ணை அணைத்து, அடுத்த குழி. கனடா முழுவதும் தேடினாலும் புல்லை நாற்று நடுகிற ஆள் வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள். இந்தச் சாதனையையும் யாரிடம் அறிவிப்பது என்று தெரியவில்லை.

கீழே போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"சாக்கை நனைச்சு மூடினது நல்லதாப் போச்சு. வேர் காயேல்லை" என்றார் மண்ணைப் பார்த்தபடி. "எங்கட ஊரில பிடுங்கின புல்லுக்கு ஒருத்தனும் சாக்குப் போடமாட்டான். என்னெண்டு போட்டனோ தெரியாது."

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வசனம் தயாரித்து வைத்திருந்தேன். அது வரவில்லை. "அந்த நிரை கொஞ்சம் கோணலாப் போகுது மாமா" என்றுதான் வந்தது.

"கயிற்றைப் பிடி, அப்ப."

பிடித்தேன். பிறகு அம்மா வந்து மற்ற நுனியைப் பிடித்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாராம். என்னையும் பாடசாலைக்கு விடவில்லை. இது வீட்டில் இதுவரை நடக்காத ஒன்று, காய்ச்சலுக்கே விடமாட்டார். திரு. சில்வானோ வேலியருகில் நெடுநேரம் நின்றார். கண் அறுவைச் சிகிச்சையை இன்னும் முன்னுக்கு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பார்.

மத்தியானம் அம்மா வெருளியின் சட்டையைக் கழற்றினார். தோய்த்து, காயப்போட்டு, ஸ்திரி போட்டு, ஜக்கெற்றோடு சேர்த்து ஒரு பையில் வைத்துக் கட்டினார். வெருளிக்கு மாமா இடுப்பில் கட்டும் பழைய சறம் ஒன்று கிடைத்தது. மீசையோடும் சறத்தோடும் இப்போது ஏழாலை ஆள் போலவே நிற்கிறது. குருவிகள் முன்பைவிடப் பயப்படுகின்றன.

செப்டெம்பர் 19, வெள்ளி

தண்ணீர் விட்டேன். பாதி நிரை வாடிவிட்டது. பாதி நிற்கிறது.

செப்டெம்பர் 21, ஞாயிறு

இன்று காலை நிரைகளுக்கு நடுவே, வெறும் மண்ணாகக் கிடந்த இடங்களில், புதிதாகப் பச்சை நூல்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: இது பல இனங்கள் கலந்த விதை, சில பிந்தித்தான் முளைக்கும். மாமா மண்டியிட்டுப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார்.

"இது புல்லோ, புல்லுக்குள்ள புல்லோ?"

"புல்லு, மாமா."

"எழுதித் தா" என்றார்.

பின்னேரம் அப்பா எடுத்தார். நான் வெளியில் ஹோஸோடு நின்றேன். வழக்கம்போல, புல் எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

"நிரை நிரையா நிக்குது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. முதல் வெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகும்போல, அதுவரை அங்கே வேலை இறுக்கம் என்று தொடங்கினார். நான் தண்ணீரை நிறுத்தினேன், சத்தம் கேட்கக் கூடாது என்று.

"அப்பா, புல்லு வெட்ட நீங்கள் வரத் தேவையில்லை. மாமா வெட்டுவார், நான் அவருக்குக் காட்டிக் குடுப்பன். என்னைப் பாக்கிறதெண்டா வாங்கோ. மார்க்கத்தில இருந்து ஒரு பஸ்தான்."

போனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ரேடியோகூட இல்லை. அப்பா என் பெயரை ஒருமுறை சொன்னார். உங்கள் ஜக்கெற்றும் நீலச் சட்டையும் பையில் இருக்கின்றன, குளிர் வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு மிச்ச நிரைகளுக்கும் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு மூலை குளமாகிவிட்டது. மாமா கண்டும் காணாததுபோல நின்றார்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா வழக்கம்போல, மின்சாரக் காசு கட்டுவது யார் என்று கேட்டபடி குசினி லைற்றை அணைத்தார், வரவேற்பறை லைற்றை அணைத்தார், மாடிப்படி லைற்றை அணைத்தார். வாசலுக்கு வந்து வெளி லைற்றின் சுவிச்சில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அம்மா வெளி லைற்றையும் அணைத்தார்.